நான் படிக்காமல் விட்ட இரண்டு வரி

அம்மாவின் புடவை தரையில் புரள ஆரம்பித்ததை முதலில் பார்த்தது அப்பாதான்.

"இன்னாடி, தெருவைக் கூட்டிக்கினே போறே? தொடப்பம் மிச்சமா?" என்று கேட்டார்.

அம்மா குனிந்து பார்த்தாள். கொசுவத்தை இன்னொரு மடிப்பு மேலே ஏற்றிச் செருகிக்கொண்டு, "இந்தப் புடவை அகலம் ஜாஸ்தி" என்றாள்.

ஏழெட்டு வருஷமாக அவள் கட்டுகிற புடவை அது. துவைத்துத் துவைத்துச் சுருங்கியிருக்க வேண்டிய புடவை. நான் சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தேன். குறைந்திருப்பது எது என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரிந்தது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

முத்தியால்பேட்டையில் ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. அப்பா மினி லாரி ஓட்டுகிறார். அம்மா சித்தாள். இரண்டு பேரும் பாகூர் பக்கத்தில் நிலத்து வேலை செய்த குடும்பங்களிலிருந்து டவுனுக்கு வந்தவர்கள். இருவருக்கும் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். எங்கள் வகையறாவில் பள்ளிக்கூடத்தை முழுசாகத் தாண்டியவன் நான் ஒருத்தன்தான். இப்போது ஆராய்ச்சி மாணவன். சொந்தக்காரர்கள் கேட்டால் அப்பா, "எலும்பு டாக்டருக்குப் படிக்கிறான்" என்று சொல்லிவிடுவார். நான் பார்ப்பது எலியின் எலும்பை என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

வாசல் கதவை ஒட்டிய சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. அதில் அம்மாவின் சும்மாடு தொங்கும். பழைய வேட்டியை முறுக்கி வளையமாகக் கட்டியது. கலவைச் சட்டியைத் தலையில் ஏற்றுவதற்கு முன்னால் அடியில் வைத்துக்கொள்வது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து, காலையில் அம்மா நடையை நிறுத்தாமலேயே கையை உயர்த்தி அதை எடுத்துக்கொண்டு வெளியே போவாள். சாயங்காலம் அதேபோல நடந்துகொண்டே மாட்டிவிட்டு உள்ளே வருவாள். அம்மாவை நினைத்தால் முகத்துக்கு முன்னால் எனக்கு அந்தக் கைதான் வரும். முழங்கை வரை சுண்ணாம்பு காய்ந்து வெடித்திருக்கும் கை.

போன மழைக்காலத்தில் அந்தக் கை முறிந்தது. மாடியிலிருந்து விழவில்லை, சாரம் சரியவில்லை. ஈர மணலில் கால் வழுக்கி, கீழே விழாமலிருக்கக் கையை ஊன்றினாள். அவ்வளவுதான். மணிக்கட்டு இரண்டாகப் போயிற்று. கட்டுப் போட்ட டாக்டர், "இந்த வயசுல இதுக்கு இப்படி உடையக் கூடாதே" என்று சொல்லி, எலும்பு அடர்த்தி பார்க்கும் ஸ்கேன் ஒன்றுக்குச் சீட்டு எழுதினார். சீட்டு என்னிடம் இருந்தது. கட்டைப் பிரித்த அன்றைக்கே அம்மா, "கைதான் ஒட்டிச்சே, அப்புறம் இன்னாத்துக்கு ஸ்கேனு? எலும்ப எடை போட்டு விக்கவா போறாங்க?" என்று முடித்துவிட்டாள்.

அவளுக்கு வேண்டியது ஸ்கேன் இல்லை, வேலை. தினமும் நான் கிளம்பும்போது ஒரே கேள்விதான்.

"எப்படா போலாம்?"

"பாக்கலாம்மா."

"நீ பாத்துக்கினே இரு. அங்க எனக்குப் பதிலா எவளையாவது சேத்துடுவான் மேஸ்திரி."

ஆணியில் தூசு படிந்த சும்மாட்டை ஒருநாள் எடுக்கப் பார்த்தாள். விரல் நுனி பட்டது, பிடி கிடைக்கவில்லை. நுனிக்காலில் எம்பினாள். பிறகு ஒட்டடைக் குச்சியால் தட்டிக் கீழே தள்ளி, உதறி, என்னிடம் நீட்டினாள். "மாட்டு." மாட்டினேன். ஆணியை யாரோ மேலே ஏற்றி அடித்துவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டாளோ என்னவோ. அந்த ஆணி அதே இடத்தில்தான் இருக்கிறது.

நான் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில் எலும்பைப் பற்றி முதலில் சொல்லித்தருவது, அது கல் இல்லை என்பதைத்தான். எலும்பு ஓயாமல் வேலை நடக்கிற இடம். ஒரு வகைச் செல்கள் பழசை அரித்துக் கரைத்துக்கொண்டே போகும். இன்னொரு வகை பின்னாலேயே வந்து புதுசைப் பூசும். இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடாக இருக்கும்வரை எலும்பு உறுதியாக நிற்கும். பெண்ணின் உடம்பில் இந்த ஈட்டைக் காப்பாற்றுவதில் கருமுட்டை உண்டாகும் சூலகத்திலிருந்து வரும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனுக்குப் பெரிய பங்கு. மாதவிலக்கு நிற்கும்போது அது வடிந்துவிடுகிறது. அப்போது அரிக்கும் கூட்டம் பெருகுகிறது.

அதைப் பெருக்குவது யார் என்பதுதான் எங்கள் கேள்வி. எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் நோய் எதிர்ப்புச் செல்களும் குடியிருக்கின்றன. டி செல் என்று ஒரு வகை. கிருமி வந்தால் சண்டை போட வேண்டியவை. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும், கிருமி எதுவும் வராமலேயே இவற்றில் பல முறுக்கேறிக்கொள்கின்றன. இவை சுரக்கும் சில பொருட்கள், அரிக்கும் செல்களை இன்னும் இன்னும் பிறக்கவைக்கின்றன. டி செல்களே இல்லாத எலிகளில், சூலகத்தை எடுத்த பிறகும் எலும்பு அவ்வளவாகக் குறையவில்லை என்று சிலர் கண்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் அதே முடிவு வந்துவிடவில்லை. அந்த இடைவெளியில்தான் எங்களுக்கு வேலை. சாயமேற்றிய எலும்புச் சீவலில் அரிக்கும் செல்கள் ஒயின் நிறத்தில் தெரியும். நான் அவற்றை எண்ணுகிறேன்.

முதல் இரண்டு வருஷம் மற்றவர்கள் தயார் செய்து கொடுத்த சீவல்களைத்தான் எண்ணினேன். போன மாசி மாதம் என் வழிகாட்டி மேடம், "இந்தத் தடவை சர்ஜரியும் நீயே பண்ணு" என்றார். பாதி எலிகளுக்கு மயக்கம் கொடுத்து இரண்டு சூலகங்களையும் எடுக்க வேண்டும். மீதிப் பாதிக்கு முதுகைத் திறந்து, எதையும் எடுக்காமல் தைத்துவிட வேண்டும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. ஒவ்வொரு எலிக்கும் நோட்டில் ஒரு வரி ஆங்கிலத்தில் எழுத வேண்டும்: இரண்டு பக்கச் சூலகங்களும் அகற்றப்பட்டன.

நாலாவது எலிக்கு அதை எழுதும்போது கை நின்றது. இந்த வரியை நான் எங்கோ பார்த்திருக்கிறேன். புத்தகத்தில் இல்லை. மங்கலான டைப் எழுத்தில், மடித்து மடித்துக் கோடு விழுந்த ஒரு தாளில்.

அன்றைக்கு வேலையை முடித்துவிட்டு மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். பீரோவின் அடித்தட்டில் ஜவுளிக்கடைப் பை ஒன்றில் எங்கள் வீட்டுக் காகிதங்கள் எல்லாம் இருக்கும். ரேஷன் கார்டுக்கு அடியில் அது இருந்தது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். முப்பத்தாறு வயது. மாதக்கணக்கில் நிற்காத ரத்தப்போக்கு. வேலைக்கு இரண்டு பாவாடை கட்டிக்கொண்டு போனாள். ஒரு சின்ன நர்சிங் ஹோமில் ஆபரேஷன். வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாளைக் கொடுத்தார்கள். நான் அப்போது பிளஸ் ஒன். கட்டிலைச் சுற்றி அப்பா, பெரியம்மா, பக்கத்து வீட்டு ஆட்கள். தாள் நேராக என் கைக்கு வந்தது. எங்கள் சந்தில் எந்தக் காகிதம் வந்தாலும் அது என் கைக்குத்தான் வரும். ஆங்கிலத்தில் உரக்கப் படித்து, அதைத் தமிழில் சொல்ல வேண்டும். நான் படிக்கும்போது அப்பா மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பார்.

கர்ப்பப்பை எடுக்கப்பட்டது என்று சொன்னேன். அடுத்த வரி புரியவில்லை. தமிழ் மீடியத்தில் படித்தவன். மாத்திரைகளின் பெயர் வந்தது, காலை ஒன்று, ராத்திரி ஒன்று என்று சொன்னேன். கடைசியில் இன்னும் ஒரு நீளமான வரி. அதிலும் பாதிச் சொற்கள் தெரியவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்புறம் இன்னா போட்டிருக்கு?" என்றார் பெரியம்மா.

"அவ்ளோதான். நல்லா ரெஸ்ட் எடுக்கணுமாம்."

"பாத்தியா, எப்படிக் கடகடன்னு படிக்கிறான்!" என்றார் அப்பா.

விட்ட முதல் வரி, நான் எலிகளுக்கு எழுதிய அதே வரி. கட்டிகள் இருந்ததால் இரண்டு சூலகங்களும் அகற்றப்பட்டன. விட்ட இரண்டாவது வரி, இந்த வயதில் ஹார்மோன் நின்றுவிடுவதால் எலும்பு தேயும், அதற்குச் சிகிச்சை வேண்டும், சுண்ணாம்புச் சத்து மாத்திரை விடாமல் சாப்பிட வேண்டும், ஆறு மாதத்தில் வந்து பார்க்க வேண்டும் என்பது. எழுதியவர்கள் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா மாறிப்போனாள். திடீரென்று முகம் சிவந்து வியர்த்துக் கொட்டும். சைட்டில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தலையில் ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு சாப்பிடுவாளாம். கூட வேலை செய்த பெண்கள் "ஐஸ் பொட்டி" என்று பேர் வைத்தார்கள். எதற்கென்று தெரியாமல் கோபம் வரும். ஒரு தடவை சொம்பை எறிந்தாள். அது என் காதை உரசிப் போனது. "பேய் புடிச்சிருக்கு இவளுக்கு" என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். நானும் அவளிடமிருந்து தள்ளிப் போனேன். லாஸ்பேட்டையில் கல்லூரி கிடைத்தது. வீட்டிலிருந்து சைக்கிளில் போய்விடலாம். ஆனாலும் நண்பர்களோடு அங்கேயே அறை எடுத்துத் தங்கிவிட்டேன். படிக்க அமைதி வேண்டும் என்று காரணம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் டிபன் கேரியரோடு வந்து கீழே நின்று குரல் கொடுப்பாள். நான் மாடியிலிருந்து இறங்கி வாங்கிக்கொண்டு, நிற்காமல் ஏறிவிடுவேன். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றே ஒன்று திரும்பக் கிடைத்தால் போதும் என்று இப்போது தோன்றுகிறது. கூடவே தெருமுனை வரை நடந்துவிட்டு வருவேன்.

தாளோடு சமையலறைக்குப் போனேன். அம்மா முறத்தில் முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். வலது கை இன்னும் வேகம் பிடிக்கவில்லை.

"ம்மா, இந்தப் பேப்பர்ல ரெண்டு வரி நான் படிக்காம உட்டுட்டேன்."

"இன்னா, கரண்டு பில்லா?"

"உன் ஆபரேசன் பேப்பரு."

"அது ஆயி எத்தினி வருசம் ஆவுது! இப்ப போய் அத்த நோண்டிக்கினு."

உட்கார்ந்து சொன்னேன். கர்ப்பப்பையோடு முட்டை உண்டாகிற இடம் இரண்டையும் எடுத்திருக்கிறார்கள் என்று.

"எடுத்தா எடுத்துட்டுப் போறாங்க. இன்னொரு புள்ளையா பெத்துக்கப் போறேன்? உன் ஒருத்தனைப் பெத்ததே போதும்டா சாமி."

"அதில்லம்மா. அதுலேர்ந்துதான் ஒண்ணு சுரக்கும். அது இருந்தாத்தான் எலும்பு ஒழுங்கா இருக்கும்." சைட்டை வைத்துச் சொல்லிப் பார்த்தேன். உடைக்கிறவர்கள், பூசுகிறவர்கள், இரண்டு பேரையும் பார்த்துக்கொள்கிற மேஸ்திரி.

"அந்த மேஸ்திரிய வெட்டி எடுத்துட்டாங்க. அதானே சொல்ற?"

"ஆமா."

"அப்ப உடைக்கிறவன் ஒடைச்சிக்கினே இருப்பான்."

"அவன் தானா உடைக்கலம்மா. பக்கத்துல ஒரு கூட்டம் இருக்கு. நோய் வந்தா சண்டை போடுற கூட்டம். மேஸ்திரி இல்லன்னதும் அது வந்து தூண்டி உடுது."

"பட்டாளமா?"

"பட்டாளம் மாதிரிதான்."

எங்கள் ஊரில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களைச் சொல்தா என்பார்கள். எதிர்ச்சந்தில் ஒரு சொல்தா வீடு உண்டு. அம்மா அந்தப் பக்கம் முகவாயைக் காட்டினாள். "சண்டை இல்லாத சொல்தா சும்மா இருப்பானா? வூட்ல இருக்கிற பாத்திரத்தத்தான் ஒடைப்பான். அந்தம்மாவக் கேளு, கதை கதையாச் சொல்லும்."

இரண்டு பேரும் சிரித்தோம். மூன்று வருஷமாக நான் கருத்தரங்குகளில் தடுமாறிச் சொன்னதை அவள் கீரை ஆய்ந்தபடி முடித்துவிட்டாள். பிறகு காம்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப அந்த ஒடம்புக் காந்தல்?"

"அதுவும் அதனாலதான்."

"அந்தக் கோவம்?"

"பெரும்பாலும் அதனாலயும்தான் இருக்கும்."

"உங்கப்பன் பேயின்னு சொன்னப்ப, இருக்கும்னு நானும் நெனைச்சேன்டா. வேப்பிலை அடிக்கக்கூடப் போனேன்." கையிலிருந்த காம்பை ஓரமாகப் போட்டாள். "அந்த மாத்திரைய அப்பவே துன்னிருந்தா?"

"கொறஞ்சிருக்கலாம். எலும்பும் இந்த அளவுக்குப் போயிருக்காது."

"பின்ன ஏன்டா சொல்லல?"

"எனக்குப் புரியலம்மா. எல்லாரும் பாத்துக்கினு இருந்தாங்க."

அவளுக்குக் கோபம் வந்தது. பழைய கோபம் இல்லை, எனக்குத் தெரிந்த அம்மாவின் கோபம். "புரியலன்னா புரியலன்னு சொல்றதுக்கு இன்னாடா? கலவை போடத் தெரியாதவன் தெரியும்னு சொல்லிப் போட்டான்னா, செவுரு எவன் தலைமேல ஊழும்?"

அவள் முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"மேலேர்ந்து படி. ஒண்ணு உடாம."

படித்தேன். அவள் பெயர், வயது, வார்டு எண், ரத்த வகை, தையல் பிரிக்கும் நாள். டாக்டர் பார்க்கும் நேரத்தைக்கூட விடவில்லை. அந்த இரண்டு வரிகளை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். முடிந்ததும் முறத்தை மறுபடி இழுத்துக்கொண்டு, "எந்தக் கெழமை போலாம் அந்த ஸ்கேனுக்கு?" என்றாள்.

வெள்ளிக்கிழமை போனோம். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "இன்னாடா இவ்ளோ மெதுவாப் போறே, தேரா இழுக்கிறே?" என்று முதுகில் குத்தினாள். வேகத்தடைகளை நினைத்துத்தான் மெதுவாகப் போனேன். விண்ணப்பத் தாளில் மாதவிலக்கு எந்த வயதில் நின்றது என்று ஒரு கட்டம். பேனாவோடு நான் அவளைப் பார்க்கும் முன்பே, "முப்பத்தாறு. எழுது" என்றாள்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டர் நேரம் எடுத்துத்தான் பேசினார். ஆனால் அவர் ஆங்கிலம் கலந்து என்னிடம் பேசினார். மாத்திரை எழுதினார். முதுகெலும்பில் இரண்டு முள்ளெலும்புகள் ஏற்கெனவே நசுங்கியிருப்பதைப் படத்தில் விரலால் காட்டினார். அம்மாவின் உயரம் குறைந்து புடவை தரையில் புரண்ட கதை அங்கே இருந்தது. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். தாள் என் கையில்.

"இன்னா போட்டிருக்கு?"

மாத்திரையைச் சொன்னேன். பால், கேழ்வரகு, கீரை சொன்னேன். வெயிலில் நடக்கச் சொல்லியிருப்பதைச் சொன்னேன். அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்தாள். எழுத்து தெரியாவிட்டாலும் என் விரல் எந்த இடத்தில் நிற்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

ஒரு நொடிதான். அவ்ளோதான்மா, நல்லா ரெஸ்ட் எடுக்கணுமாம் என்று வாய்வரை வந்தது. ஆறு மாதம் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம். அதுவரை காலையில் அவள் "எப்படா போலாம்?" என்று கேட்டுக்கொண்டிருக்கட்டுமே.

"கனம் தூக்கக் கூடாது. குனிஞ்சு தூக்கவே கூடாது. தலையில சுமை ஏத்தக் கூடாதுன்னு கோடு போட்டு எழுதியிருக்காரு."

"எவ்ளோ நாளைக்கு?"

"நாள் போடலம்மா. எனக்குத் தெரிஞ்சு, இனிமே வேணாம்."

அம்மா மரத்தைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள். முந்தானையை எடுத்து இடுப்பில் செருகினாள்.

"நடக்கலாம்னு போட்டிருக்கில்ல?"

"நடக்கணும்னே போட்டிருக்கு."

"வண்டிய உருட்டிக்கினு வா."

எங்கள் வீட்டுக்கு வழி வடக்கே. அவள் கிழக்கே திரும்பி வாய்க்காலைத் தாண்டினாள். பிரெஞ்சுக்காரர்கள் இருந்த ஒயிட் டவுனுக்குள் ஒரு பழைய வீட்டை ஓட்டலாக மாற்றியபோது, பழைய சுண்ணாம்புப் பூச்சை முழுக்கக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசினார்கள். பத்து மாதம் அம்மா அங்கே சட்டி தூக்கினாள். இப்போது அந்த மஞ்சள் சுவருக்கு முன்னால் எப்போதும் யாராவது படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அன்றைக்கு வெளியூர் ஜோடி ஒன்று. அந்தப் பெண் கையை ஆட்டி, அம்மாவைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னாள்.

அம்மா தள்ளிக்கொண்டாள். என்னிடம் திரும்பி, "நான் தூக்கிக் குடுத்த செவுரு. என்னையே நவுரச் சொல்றா பாரு" என்றாள். ஆனால் அவர்கள் எடுத்து முடிக்கும்வரை பொறுமையாகத்தான் நின்றாள். போன பிறகு சுவருக்குக் கிட்டே போய், உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழே ஒரு தடவை தடவினாள். "எங்கியும் வெடிப்பு உடல" என்றாள்.

"என்னைய ஒரு போட்டோ எடு."

போனை எடுத்தேன். கூந்தலைத் தட்டி, இரண்டு கையையும் தொங்கவிட்டு நின்றாள். திரைக்குள் அவளுக்கு மேலே நிறையச் சுவர் இருந்தது. அவளிடம் குறைந்துபோன உயரம் அந்தச் சுவரில் வெறும் மஞ்சளாக மிச்சமிருந்தது.

"நிமிந்து நிக்கிறேனா?"

"இல்லம்மா. முன்னால சாஞ்சிருக்கே."

இரண்டு அடி பின்னால் போனாள். குதிகால் பட, முதுகு பட, கடைசியில் தலையும் பட, சுவரில் ஒட்டிக்கொண்டாள்.

"இப்போ?"

"இப்போ சரி. அப்படியே இரு," என்றேன். உடனே எடுத்துவிடவில்லை.